புதுப்பிப்பு: சிங்கப்பூர்த் தீவைச் சுற்றி 130 கி.மீ. நிதி திரட்டும் சைக்கிள் பயணம், விரல் மரத்துப்போனதற்குத் தீர்வு

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி, பயணம் முடிந்தது. 50 கி.மீ. தாண்டினால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன்.

பலித்தது சைக்கிள் சீட்டை (இருக்கையை) பற்றிய யோசனை. ஜெல் கையுறை அரைகுறைதான். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கும். பாரம் முழுக்க உள்ளங்கையின் வெளியோர நரம்பில் இறங்கும். ஸ்பிரிட் லெவல் வைத்து மட்டமாக்கியதும் மரப்பு போயிற்று. 28 மி.மீ. டயரில் காற்றை 100-இலிருந்து 75 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) இறக்கியதில் அதிர்வும் குறைந்தது.

எதிர்பாராதது: மண்டாய் மேட்டில் சீட் மறுபடி சாய்ந்துவிட்டது. சீட்டைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைப் புதிதாக முறுக்கினால் ஓட்டத்தில் தளரலாம். முதல் 20 கி.மீ. முடிந்ததும் ஒருமுறை இறுக்குங்கள். பெரும்பாலும் 5 மி.மீ. ஆலன் கீ (அறுகோண முனைச் சாவி) போதும், சில சீட்டுக்கு 4 அல்லது 6.