கோயில் ஆம்ப்ளிஃபயர் தானா ஆன் ஆகி ஆஃப் ஆகணும்: ஆர்டுயினோவா, பழைய ஐசி சர்க்யூட்டா?

வளவுப்பிள்ளை
காரைக்குடிப் பக்கம் எங்க ஊர்ப் பிள்ளையார் கோயில்ல 250 வாட் ஆம்ப்ளிஃபயர் இருக்கு. காலை 5 மணிக்குப் பண்டாரம் ஒரு பழைய போனைச் சொருகி பாட்டுப் போடுவார். பாட்டு முடிஞ்சிரும், மனுஷன் ஆம்ப்ளிஃபயரை மறந்துட்டு வயலுக்குப் போயிருவார். மத்தியானம் போய்த் தொட்டா மேல்தகடு இட்லிப் பானை மூடி மாதிரி சுடுது.

போன் வயர்ல சத்தம் வந்தா ஆன், 5 நிமிஷம் சத்தமே இல்லைன்னா ஆஃப். இவ்வளவுதான் வேணும். ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதிப் போடுற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டு), நீலக் கலர் ரிலே போர்டு (சின்னக் கரண்ட்டால இயங்குற சுவிட்ச்) வாங்கிட்டேன். சிக்னலோட நெகட்டிவ் பக்கத்தை நானோ படிக்காதுங்கறதால ரெண்டு 10 கே ரெசிஸ்டர் போட்டு 2.5 வோல்ட்டுக்குத் தூக்கி, 10 மைக்ரோ கெபாசிட்டர் வழியா பாட்டை உள்ளே விட்டேன். 0 முதல் 5 வோல்ட்டை நானோ 0 முதல் 1023 வரை எண்ணாக் காட்டும்; சும்மா இருக்கும்போது 511, 513ன்னு காட்டுது. பாட்டு ஓடினா 380லேர்ந்து 640 வரைக்கும் ஆடுது. போன்ல சார்ஜர் சொருகினாத்தான் வம்பு: பாட்டே இல்லாம 505க்கும் 520க்கும் நடுவுல துள்ளுது. ஆலாபனை மெதுவா வர்ற இடத்துலயும் கிட்டத்தட்ட அதே அளவுதான், எது பாட்டு எது இரைச்சல்னு பிரிக்க முடியலை.

மைக்செட் மாமா
தம்பி, ஒரு விளக்குப் போட ஜெனரேட்டர் வாங்கின கதை. ஒரு எல்எம்358 (சிக்னலைப் பெருக்குற சின்ன ஐசி), ரெண்டு டயோடு, ஒரு கெபாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர், ரிலே. சத்தம் வந்தா கெபாசிட்டர் நிறையும், நின்னா மெதுவா வடியும். புரோகிராம் வேண்டாம், லேப்டாப் வேண்டாம். முப்பது வருஷமா திருவிழாவுக்கு செட் போடுறேன், இதை விட்டு வேற எதுக்கும் போனதில்லை.

சோல்டர் ஆச்சி
மாமா, 5 நிமிஷம் வடியணும்னா 470 மைக்ரோ, 1 மெகா ஓம் அளவுக்குப் போகணும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டரோட எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் போட்டா அதோட லீக்கேஜே (உள்ளுக்குள்ளேயே கசியுற கரண்ட்) கணக்கைக் கெடுத்துரும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல, தகரப் பெட்டிக்குள்ள, அந்த 5 நிமிஷம் என்ன ஆகும்னு நீங்களே சொல்லுங்க. ஆர்டுயினோவுல ஒரு எண்ணை மாத்தினாப் போதும்.

மைக்செட் மாமா
4060ன்னு ஒரு கவுண்டர் ஐசி இருக்கு ஆச்சி. சின்னக் கெபாசிட்டர் துடிக்கும், ஐசி எண்ணும், எண்ணி முடிச்சா ரிலே விழும். சத்தம் வந்தா ரீசெட். லீக்கேஜ் பேச்சே இல்லை.

ஆத்தங்குடிக் கல்
இதுக்கு ஏன் சண்டை? மைக் வச்ச சவுண்ட் சென்சார் போர்டு சின்ன விலைக்குக் கிடைக்குது. மண்டபத்துல மாட்டி விடுங்க, வயர் வேலையே இல்லை.

சோல்டர் ஆச்சி
மயில் அகவினா ஆம்ப்ளிஃபயர் ஆன் ஆகும் பரவாயில்லையா? அந்த மண்டபத்துல ஒரு கை தட்டினா மூணு தரம் கேட்கும். சிக்னலை வயர்ல இருந்தே எடுக்கிறதுதான் சரி. ஹம் (கரண்ட் லைன்ல இருந்து கலக்குற உர்ர் இரைச்சல்) இல்லாம இருக்க நடுவுல 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு போட்டு ரெண்டு பக்கத்து கிரவுண்டையும் பிரிச்சிருங்க.

மைக்செட் மாமா
டிரான்ஸ்ஃபார்மர் சரி. அதுக்கு முன்னாடி தம்பி அந்த 10 மைக்ரோவைக் கழட்டிட்டு 0.1 போடு. உன் ரெண்டு 10 கேயும் சேர்ந்து 5 கேதான், 0.1 மைக்ரோவோட அது 320 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்டும். 50 ஹெர்ட்ஸ் ஹம் ஆறுல ஒரு பங்காயிரும். பாட்டுல அந்த 320க்கு மேலயும் நிறையச் சத்தம் இருக்கு. நீ கேட்கிறது பாட்டு இருக்கா இல்லையான்னு மட்டும், அடித்தொண்டை குறைஞ்சா என்ன?

வளவுப்பிள்ளை
மாத்திட்டேன். சார்ஜர் இருந்தும் 510, 514. மாமா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடுறேன். ஆனா ஆர்டுயினோவை விடமாட்டேன். காரணம் கேளுங்க: நேத்து ராத்திரி 2 மணிக்குப் பண்டாரம் போனுக்கு வாட்ஸ்அப் வந்து டிங்குன்னு ஒரு சத்தம். சோதனைக்குப் போட்ட ரிலே படக்குன்னு ஒட்டி, 5 நிமிஷம் ஊரே உர்ர்ர்ன்னு கேட்டுச்சு. எங்க வீட்டு ஆச்சி எழுந்து உட்கார்ந்துட்டாங்க. இப்ப 3 விநாடியில 2 விநாடியாவது சத்தம் இருந்தாத்தான் ஆன்னு எழுதிட்டேன். இதை உங்க 358 செய்யுமா?

மைக்செட் மாமா
போனை ஏரோபிளேன் மோடுல போடச் சொல்லு. பத்து ரூபா ஐசியில முடியாததை ஒரு சுண்டுவிரல் முடிக்கும். அப்புறம் பாரு, 3 விநாடி காத்திருந்து, ஆம்ப்ளிஃபயருக்குள்ள ஸ்பீக்கரை இணைக்கிற ரிலே ஒட்ட இன்னொரு 2 விநாடி. பாட்டோட தலை போச்சு.

சோல்டர் ஆச்சி
தலை போறது உண்மைதான், அதுக்கு ஒத்துக்கிறேன். ஆனா சுண்டுவிரலை நம்பின ஊர்லதான் ஆம்ப்ளிஃபயர் மத்தியானம் வரைக்கும் சுட்டுக்கிட்டு இருந்துச்சு மாமா.

வளவுப்பிள்ளை, எனக்குப் பயம் வேற. அந்த நீல ரிலேயில 10 ஆம்பியர்னு அடிச்சிருக்கும். 250 வாட்டுக்கு ஓடுற கரண்ட் அதுக்கு ரொம்பக் கீழதான். ஆனா உள்ளே இருக்கிற பெரிய டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகிற அந்த ஒரு கணத்துல பல மடங்கு இழுக்கும். எங்க வீட்டு இரண்டாம் கட்டுல ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை இப்படித்தான் ஓட்டினேன். நாலு மாசத்துல கான்டாக்ட் ஒட்டிக்கிச்சு. போர்டுல எல்இடி அணைஞ்சிருக்கு, ஆம்ப்ளிஃபயர் விடிய விடிய ஓடுது. கழட்டிப் பார்த்தா செம்பு நிறத்துல ரெண்டு முனையும் ஒரே பொட்டா உருகிக் கிடந்துச்சு. நீல ரிலேயை வச்சு ஒரு கான்டாக்டரை (பெரிய கரண்ட்டைத் தாங்குற ரிலே) தூக்குங்க, கான்டாக்டர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கட்டும்.

மைக்செட் மாமா
இதுல ஆச்சி சொல்றது நூத்துக்கு நூறு. ரிலேக்கு 5 வோல்ட்டும் தனியாக் கொடு. ரெண்டும் ஒரே சார்ஜர்ல இருந்தா ரிலே இழுக்கிறப்ப நானோ ரீசெட் ஆகும், ரிலே விழும், மறுபடி இழுக்கும். தவில் அடிச்ச மாதிரி டக்டக்டக்.

ஆத்தங்குடிக் கல்
ஒரு சந்தேகம். குடமுழுக்கு, திருவிழா அறிவிப்புக்கு மைக்கை நேரா ஆம்ப்ளிஃபயர்லதானே சொருகுவாங்க? போன் வயர்ல சத்தமே வராதே. பேச்சாளர் பேசிக்கிட்டு இருக்கும்போதே ஆம்ப்ளிஃபயர் அணைஞ்சிரும்.

வளவுப்பிள்ளை
அய்யோ, இதை யோசிக்கவே இல்லை.

மைக்செட் மாமா
கான்டாக்டருக்கு இணையா ஒரு சாதா சுவிட்ச் போடு. சிவப்பு பெயிண்ட் அடி. மைக்ல பேசணும்னா அதைப் போடு.

சோல்டர் ஆச்சி
அந்த சுவிட்சையும் அணைக்க மறப்பாங்க.

மைக்செட் மாமா
மறக்கட்டும். அது கோயில்காரங்க பாடு.

வளவுப்பிள்ளை
ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். கான்டாக்டர், தனி 5 வோல்ட், 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர், சிவப்பு சுவிட்ச் எல்லாம் போட்டாச்சு. காலையில தானா வருது, பாட்டு முடிஞ்ச 5 நிமிஷத்துல டொப்புன்னு நிக்குது. பாட்டோட தலை போறதுக்கு, பாட்டுக்கு முன்னாடி 8 விநாடி கோயில் மணிச் சத்தம் ஒட்டி வச்சிட்டேன். மணியில பாதி முழுங்கினாலும் பாட்டு முழுசா வருது. பண்டாரம் மட்டும், "மணியை நான் அடிக்கிறேனே, போன் எதுக்கு அடிக்குது?"ன்னு கோவமா இருக்கார்.

மைக்செட் மாமா
அடுத்த மாசம் அந்தப் பக்கம் செட் போட வர்றேன். 4060 போர்டு ஒண்ணு கொண்டு வர்றேன், பக்கத்துல வச்சு ஓட்டிப் பார்ப்போம். பெட்டியில பல்லி நுழையாம ஓட்டையை அடைச்சியா?