மழையில் பின்சக்கரம் வழுக்குகிறது, வண்டி இருமுகிறது: எதிலிருந்து ஆரம்பிப்பது?

மேடவாக்கம்_ரைடர்

வணக்கம் நண்பர்களே. வண்டி 2021 மாடல் 150 சிசி, பிஎஸ்6. முன்னால் டிஸ்க் பிரேக், சிங்கிள் சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் காப்பது), பின்னால் டிரம் பிரேக். ஓடியது 31,000 கி.மீ. டயர் இரண்டும் கம்பெனியில் வந்தவையே. தினமும் மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் வழியாக சிறுசேரி சிப்காட் போய் வர வேண்டும்.

மழை பிடித்ததிலிருந்து மூன்று தொல்லை. சிக்னலில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்ததும் பின் பிரேக்கை மிதித்தால் பிடிப்பதே இல்லை. ராத்திரி முழுக்க மழையில் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால் கொஞ்ச தூரம் இருமிக்கொண்டே போய் அப்புறம் சரியாகிறது. சர்வீஸில் பிளக் மாற்றினார்கள், பலன் இல்லை. எதை முதலில் பார்ப்பது?

பழைய_ஸ்பேனர்

31,000 ஓடிய கம்பெனி டயரா? மற்றதெல்லாம் அப்புறம். பின் டயரின் பக்கவாட்டில் டிடபிள்யூஐ (TWI) என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள், குறுக்கே ஒரு ரப்பர் மேடு தெரியும். பட்டன், அதாவது ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள், தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்திருந்தால் டயரின் கதை முடிந்தது. சட்டம் இருசக்கர வண்டிக்கு 0.8 மி.மீ. பள்ளம் இருந்தால் போதும் என்கிறது. மழை ரோட்டுக்கு அது பத்தாது, 2 மி.மீ.க்குக் கீழே போனதும் மாற்றிவிடுவது என் கணக்கு. பக்கத்தில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஆபீஸ் போய் வரும் வண்டியில் நடுப்பகுதிதான் தட்டையாகத் தேயும், பிரேக் பிடிக்கும்போது ரோட்டில் நிற்பதும் அந்த இடம்தான். டயரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 1421 என்றால் 2021-இன் 14-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகிப் போயிருந்தால் பட்டன் இருந்தும் ஈரத்தில் பிடிக்காது.

அடுத்தது உங்கள் வலது கால். பிரேக் போட்டதும் பாரம் முன்னால் போய்விடும், பின்சக்கரம் லேசாகிவிடும். சிங்கிள் சேனல் என்றால் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். பின் டிரம் லாக் ஆனால் காப்பாற்ற ஆள் கிடையாது. அதனால் ஈரத்தில் முன் பிரேக்தான் முக்கிய வேலையைச் செய்ய வேண்டும். இரண்டு விரலால் மெல்லத் தொட்டு, முன் ஃபோர்க் அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். பின் பிரேக் துணைக்கு லேசாக. மழையில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள். வண்டி சாய்ந்திருக்கும்போதோ ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ அது சரி, நேராகப் போகும்போது தப்பு.

கிளட்ச்சை முதலிலேயே பிடித்துவிடாதீர்கள். கியரில் இருந்தால் இன்ஜின் பின்சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருக்கும், லாக் ஆவது தள்ளிப்போகும். அதற்காக நாலாவதிலிருந்து நேராக இரண்டாவதுக்கு இறக்கி கிளட்ச்சைப் படாரென்று விட்டாலும் வழுக்கும். ஒவ்வொன்றாக இறக்குங்கள்.

கோவை_சுந்தர்ராஜா

டயர் மாத்துற வரைக்கும் காத்தை ஒரு 5 பிஎஸ்ஐ குறைச்சு வையுங்க ப்ரோ. டயர் அகலமா ரோட்ல உக்காரும், கிரிப் ஏறும்.

பழைய_ஸ்பேனர்

தம்பி, அது மணலுக்கும் சேற்றுக்கும் சொல்ற வழி. தார் ரோட்டில் நிற்கும் தண்ணீரை டயர் அழுத்தித்தான் வெளியே தள்ளணும். காற்றைக் குறைத்தால் அந்த அழுத்தமும் குறையும், பள்ளங்களும் மூடிக்கொள்ளும், தண்ணீர் போக வழியில்லாமல் டயர் அதன் மேலேயே ஏறி மிதக்கும். செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு எதுவோ, அதை டயர் சூடாகும் முன்பே, வாரம் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும்.

ஓஎம்ஆர்_வாசி

பின் டிரம் பிடிக்காததுக்குக் காரணம், தண்ணி உள்ளே போய் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல படலமா நிக்குது. டிஸ்க் வெளியே திறந்து கிடக்குறதால சக்கரம் ரெண்டு சுத்து சுத்தினா துடைச்சிடும். டிரம் அப்படி இல்ல. தண்ணியத் தாண்டினதும் பின்னாடி வண்டி இல்லன்னு பாத்துக்கிட்டு, மெதுவா ஓட்டிக்கிட்டே பின் பிரேக்கை 50, 100 மீட்டருக்கு லேசா மிதிச்சபடி போங்க. சூட்டுல காஞ்சு பழையபடி பிடிக்கும். காஞ்ச ரோட்லயும் பிடிக்கலன்னா பிரேக் ஆர்ம்ல இருக்குற அம்புக்குறியப் பாருங்க, கோட்டைத் தாண்டியிருந்தா ஷூ முடிஞ்சுது.

இனி நம்ம ரோடு. மெட்ரோ வேலை நடக்குற இடத்துல தோண்டின குழி மேல இரும்பு பிளேட் போட்டு வச்சிருப்பாங்க. ஈரத்துல அதுமேல போகும்போது பிரேக்கும் கூடாது, ஆக்ஸிலரேட்டர் முறுக்கவும் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது. அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கிளட்ச் பிடிக்காம, நேரா உருட்டிக்கிட்டுத் தாண்டணும். ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல இடைவெளி இருந்தா அதை நீளவாக்குல பிடிச்சுக்கிட்டு போகாதீங்க, குறுக்கா வெட்டுங்க. சிக்னல்ல ஜீப்ரா கோட்டுப் பெயிண்ட் மேல காலை ஊனாதீங்க, செருப்பு நிச்சயம் வழுக்கும். யு-டர்ன்ல பெயிண்ட் மேல சாய்க்குறதும் அதே கதைதான்.

ரொம்ப நாள் கழிச்சுப் பெய்யுற மழையில முதல் கால் மணி நேரம்தான் மோசம். ரோட்ல படிஞ்ச ஆயிலும் புழுதியும் தூறல்ல குழைஞ்சு நிக்கும். பலமா அடிச்சுப் பெஞ்சா அது கழுவிட்டுப் போயிடும். லேன் நடுவுல, லாரி, பஸ் இன்ஜின் ஆயில் சொட்டுற இடத்தை விட்டுட்டு, முன்னாடி போற கார் சக்கரம் தண்ணிய ஒதுக்கின தடத்துல போங்க. பஸ் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போனா அது கிளப்புற சேத்துத் தண்ணியில ஹெல்மெட் வைசர் மறைஞ்சிடும், பள்ளமும் கடைசி நொடியிலதான் தெரியும். முன்னாடி வண்டிக்கு 4 செகண்ட் இடைவெளி விடுங்க. செம்மஞ்சேரி பக்கம் தண்ணி நின்னா ஓரமா ஒதுங்காதீங்க, மழைநீர் வடிகால் மூடி எங்கே இல்லன்னு யாருக்குத் தெரியும். ஈபி கம்பம், ஜங்ஷன் பாக்ஸ் பக்கத்துல தேங்கின தண்ணியிலயும் போகாதீங்க.

வைசர் உள்பக்கம் பனி படிஞ்சா ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்குற லிக்விட் தடவி, காஞ்ச துணியால தெளிவாகுற வரைக்கும் துடைங்க. கறுப்பு வைசர் இருந்தா கழட்டிட்டு வெள்ளை போடுங்க. போர்வை மாதிரி தொங்குற மழைக்கோட்டு பைக்குக்கு ஆகாது, செயின்ல மாட்டும். பேன்ட், ஜாக்கெட் தனித்தனியா இருக்குறதுதான் சரி.

இஞ்செக்டர்_மணி

இருமலுக்கு இரண்டு இடம் பாருங்கள். ஒன்று பிளக் கேப். பிளக் மாற்றினார்கள், கேப்பின் ரப்பர் வெடித்திருப்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இன்ஜினை ஐடிலில் விட்டு, தள்ளி நின்று ஸ்பிரே பாட்டிலால் கேப் மேல் தண்ணீர் அடியுங்கள். தடுமாறினால் அதுதான். ஓடும்போது கையால் தொடாதீர்கள், ஷாக் அடிக்கும்.

அது இல்லையென்றால் டேங்க். பெட்ரோல் மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதில் விழும் மழைத் தண்ணீர் ஒரு டியூப் வழியாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். புழுதி அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, மூடி ரப்பர் வழியாக உள்ளே கசியும். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். காலையில் முதலில் அது போகிறது, பிறகு பெட்ரோல் வருகிறது. ஓட்டையில் சிரிஞ்சால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழே டியூபில் சொட்டாவிட்டால் மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள், காற்று அடித்தாலும் சரி. ஏற்கெனவே உள்ளே போன தண்ணீருக்கு டேங்க்கை இறக்கிக் காலி செய்வதுதான் வழி.

மேடவாக்கம்_ரைடர்

நன்றி அண்ணா. டியூபில் ஒரு சொட்டுகூட வரவில்லை, கம்பி விட்டதும் சேறு வந்தது. நாளை டேங்க் இறக்கச் சொல்கிறேன், பின் டயரும் மாற்றுகிறேன். ஒரே ஒரு கேள்வி: தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால்?

இஞ்செக்டர்_மணி

முதலில், சக்கரத்தின் ஆக்சிலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் இறங்காதீர்கள். இறங்கினால் முதல் கியர், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக வைத்து, வேகம் கிளட்ச்சில். நடுவில் ஆக்ஸிலரேட்டரை விடக்கூடாது.

நின்றுவிட்டால் செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், அது அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். சாவியை ஆஃப் செய்து தள்ளிக்கொண்டு வாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் உள்ள டிரெயின் டியூபின் மூடியை எடுங்கள். தண்ணீர் கொட்டினால் ஃபில்டரைக் கழற்றி, பிளக்கையும் கழற்றிவிட்டு, சாவி ஆஃபிலேயே டாப் கியரில் வண்டியைத் தள்ளி இன்ஜினைச் சுற்றுங்கள், தண்ணீர் பிளக் ஓட்டை வழியாக வந்துவிடும். இன்ஜினில் ஆயில் அளவு தெரியும் சின்னக் கண்ணாடியில் பால் காப்பி நிறம் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, 50 கி.மீ. ஓட்டிவிட்டு ஆயிலை மறுபடி ஒருமுறை மாற்றுங்கள்.