‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல்லுக்கு எத்தனை பொருள்?

மீனா: ஏழாவது படிக்கும் என் மகள் செய்தியில் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’ என்று கேட்டுவிட்டு, “சாமி நம்பிக்கை இல்லாதவங்க கொண்டு வர்றதாம்மா?” என்றாள். எப்படி விளக்குவது?

செல்வம்: அது சாமி நம்பிக்கை இல்லை, அரசுக்குச் சபையில் பெரும்பான்மை உறுப்பினர்களின் ஆதரவு இருக்கிறதா என்ற எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு நம்பிக்கை வாக்கெடுப்பில் 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததைச் சொல்லுங்கள், புரிந்துவிடும்.

கயல்: வெறும் எண்ணிக்கை என்று தள்ளாதீர்கள் அண்ணா. பதவியேற்பில் ‘கடவுள் அறிய’ என்றும் சொல்லலாம், ‘உளமார’ என்றும் சொல்லலாம். 2021இல் ஸ்டாலின் ‘உளமார’ என்றுதான் உறுதி எடுத்தார். கடவுளை நம்பாதவரையும் ஊர் நம்பலாம் என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மீனா: சரி, இதையே சொல்கிறேன். அப்புறம் ‘மூடநம்பிக்கை’ பற்றிக் கேட்பாள், அப்போது மறுபடி வருகிறேன்.