தலையில் அடிபட்ட மாணவர்களைக் கண்காணிக்கத் தமிழில் படிவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். காயங்களைக் கவனிக்கத் தனிப் பயிற்சியாளர் இல்லாத எங்கள் பள்ளியில், காலையில் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது முதல் மாலையில் பெற்றோரிடம் தகவல் சொல்வது வரை அனைத்தும் உடற்கல்வி ஆசிரியரான என் பொறுப்பு. சுளுக்கும் சிராய்ப்பும் பழகிவிட்டன. தலைக்காயம்தான் என்னை அச்சுறுத்துகிறது. சென்ற வாரம் கபடியில் தலை மோதிக்கொண்ட மாணவி, சிறிது நேரத்திலேயே "நல்லா இருக்கேன் சார், ஆடுறேன்" என்று கெஞ்சினாலும், மூளை அதிர்ச்சி (அடிபட்டதால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகப் பாதிக்கப்படுவது) என்ற ஐயம் எழுந்தாலே அன்று மீண்டும் ஆடவிடக் கூடாது என்பதால், மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். இனி நடை, ஓட்டம், மோதலற்ற பயிற்சி என ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுத்து, மருத்துவரின் ஒப்புதலுக்குப் பிறகே முழு ஆட்டத்துக்குத் திருப்ப வேண்டும். தலைவலி, மயக்கம், தூக்கம் ஆகியவற்றை வீட்டில் அவளுடைய அம்மாவும் நாள்தோறும் குறித்துவைக்கும்படி எளிய தமிழில் அமைந்த படிவம் எவரிடமேனும் இருந்தால், அன்புகூர்ந்து இங்கே பகிருங்கள்.