பாட்டியின் மருத்துவச்சிப் பதிவுச் சான்றிதழ்: பழைய பதிவேட்டைத் தேட உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

என் அப்பாவின் தாயார் தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரசவம் பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில், 1926-ஆம் ஆண்டின் சென்னை நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டத்தின்கீழ் 1938-இல் அவரைப் பதிவு செய்த சான்றிதழ் அண்மையில் கிடைத்தது. கரையான் அரித்ததில் பதிவு எண்ணும், அவர் பயிற்சி பெற்ற மருத்துவமனையின் பெயரும் அழிந்துவிட்டன.

இங்கிலாந்தில் 1902-இல் மருத்துவச்சிகளுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. சென்னை மாகாணத்தில் நர்சுகளோடு சேர்த்து ஒரே சட்டத்தில் அவர்களைப் பதிவு செய்தார்கள். கைராசிக்காரி என்று மட்டுமே ஊர் நினைவில் வைத்திருக்கும் என் பாட்டி, முறையாகப் படித்து அரசின் ஏட்டில் பெயர் பெற்றவர் என்பதை எங்கள் குடும்பமே இப்போதுதான் அறிகிறது.

1930-களின் மருத்துவச்சிப் பதிவேடுகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளனவா, நர்சுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் மாநிலக் கவுன்சிலிடம் உள்ளனவா? பேத்தி என்ற முறையில் நகல் கேட்க எந்த ஆவணங்களை இணைக்க வேண்டும்? 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் புதிய தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியிருப்பதால், பொறுப்புகள் கைமாறும்போது பழைய ஏடுகள் கழிக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

அக்காலச் சான்றிதழ் யார் வீட்டிலாவது இருந்தால், அதன் படத்தை அன்புகூர்ந்து பகிருங்கள். அழிந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க அது பெரிதும் உதவும்.