குடியை விட நினைப்பவருக்குப் பக்கத்தில் கூட்டம் தேடுவது எப்படி?

ஊரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

குடிநோயிலிருந்து மீள்பவர்கள் கூடும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்த மடலுக்குப் பதில் இது. யாருக்காகக் கேட்கிறார்கள் என்று யாரும் விசாரிக்க வேண்டாம். இங்கே ஒரு பெயர் விழுந்தால் மறுநாள் காலை அது ஊர் டீக்கடையில் இருக்கும்.

கூட்டத்துக்கு முன்னால் டாக்டர். தினமும் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்பார்கள். ஊரில் இதைப் பேய்க்கோளாறு என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். இது உயிர் போகக்கூடிய நிலை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரையோடு படிப்படியாக நிறுத்தினால் இவ்வளவும் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

லண்டனில் டாக்டர் "வாரத்துக்கு எத்தனை யூனிட்?" என்று கேட்டால் விழிக்க வேண்டாம். ஒரு யூனிட் என்றால் 10 மில்லி சுத்த ஆல்கஹால். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், கணக்குப் போட்டால் 7.7 யூனிட். அங்கே வாரத்துக்கே 14 யூனிட்டைத் தாண்டாதே என்கிறார்கள். இரண்டு குவார்ட்டரில் அது முடிந்துவிட்டது.

நிறுத்துவதைவிட நிறுத்தியபடி இருப்பதுதான் பெரும்பாடு. ஐயப்பனுக்கு மாலை போட்டு 48 நாள் தொடாமல் இருக்கிறவர், மாலை கழற்றிய அன்றே கடைக்குப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் என்பது அந்த 49ஆம் நாளுக்காக.

பரவலாகக் கிடைப்பது ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அமெரிக்காவில் 1935இல் தொடங்கியது, இந்தியா உட்பட உலகம் முழுக்க நடக்கிறது. கட்டணம் இல்லை. கடைசியில் உண்டியல் மாதிரி ஒன்று சுற்றி வரும், புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. பட்டியலில் 'ஓப்பன்' என்றிருந்தால் வீட்டார் கூடப் போகலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர் மட்டும். இது தெரியாமல் மனைவியும் அண்ணனுமாகப் போய் வாசலோடு திரும்புகிறவர்கள் உண்டு. இணையத்தில் போட்டிருக்கும் இடமும் நேரமும் பழையதாக இருக்கலாம், போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உள்ளே போனால் வட்டமாக நாற்காலி, டீ, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம். முதல் பெயர் மட்டும் போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்றால் விட்டுவிடுவார்கள். பல கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். இடம் வாடகைக்கு எடுத்தது, அவ்வளவுதான். ஆனால் பேச்சில் 'கடவுள்' வரும். அது ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிகவரி இருக்கிறது. அங்கே பிரார்த்தனை இல்லை, பழக்கத்தை மாற்றும் பயிற்சிதான். ஒரே கூட்டத்தைப் பார்த்துவிட்டு "நமக்கு ஆகாது" என்று முடிவு கட்டாதீர்கள். கூட்டத்துக்குக் கூட்டம் ஆட்கள் வேறு. ஐந்தாறு இடமாவது பார்க்க வேண்டும். ஊர்க்காரர் கண்ணில் படுவோமோ என்ற கூச்சம் இருந்தால் இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் போங்கள்.

எங்கே கேட்பது: பிரிட்டனில் ஏஏ 0800 9177 650. அங்கே உள்ளூர் மதுச் சேவைக்குப் பெரும்பாலும் ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதியலாம். கனடாவின் ஒன்டாரியோவில் கனெக்ஸ் ஒன்டாரியோ உதவி எண் 1-866-531-2600, 24 மணி நேரமும். சிங்கப்பூரில் ஐஎம்எச் (மனநல மருத்துவமனை) வளாகத்து நாம்ஸ் என்னும் போதை மீட்புச் சேவை, 6732 6837. இந்தியாவில் போதை மீட்பு உதவி எண் 14446; மனநல உதவிக்குத் தமிழிலும் பேசலாம், 14416. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் கேட்கலாம். சென்னையில் டிடிகே மருத்துவமனை 1980இலிருந்து இதற்கென்றே இருக்கிறது. வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் ஏஏ கூட்டங்கள்தான் சுலபம், மொழியை வைத்துத் தேடலாம். கேமராவை அணைத்துவிட்டு உட்காரலாம்.

ஊரில் இருக்கும் அப்பாவையோ தம்பியையோ மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப் பணம் அனுப்புகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: மனநலச் சட்டம் 2017இன் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா? "மூன்று மாதம் வீட்டார் பார்க்கக் கூடாது" என்றால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பூட்டி வைத்து அடிக்கிற இடங்கள் இருக்கின்றன.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடி, மாத்திரை எதையும் வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற குடிநிறுத்த மருந்து இருந்தால், அதன் மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் கழித்தும் இது நடக்கலாம். சம்மதத்தோடு, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது.

வீட்டாருக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது. குடிப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வர மறுத்தாலும் நீங்கள் அதற்குப் போகலாம்.

திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவர்கள் டிக்கெட் போடும்போதே பக்கத்து டவுனில் என்றைக்குக் கூட்டம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுத்தி ஆறு மாதம்கூட ஆகாதவரிடம் டூட்டி ஃப்ரீயில் "ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா" என்று தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.