உதவி: ஸ்டோரேஜ் ஃபுல்னு வருது, 2,000 போட்டோ அழிச்சும் குறையல. அவசரம்

செம்பருத்தி77 (இரவு 9:12)
வணக்கம். ரெண்டு நாளா ஸ்டோரேஜ் ஃபுல்னு சிவப்புல வருது. நேத்து நைட் ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து 2,000 போட்டோ அழிச்சேன், கொஞ்சம்கூட குறையல. பையன் ஸ்கூல்ல இருந்து ஒரு மெயில் வரணும், அதுவும் வரல. இன்னொண்ணு, இந்த போனைக் கையில எடுத்தாலே ஒரு மணி நேரம் போயிடுது. ரீல்ஸ் பார்க்கணும்னு எடுக்கிறதில்ல, மணி பார்க்கத்தான் எடுக்கிறேன். எல்லாத்தையும் ஒழுங்கு பண்ணணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன் (9:19)
ஆண்ட்ராய்டா, ஐபோனா? ஃபுல் ஆனது போன் மெமரியா, கூகுள் கணக்கா? ரெண்டும் வேற வேற. அதைச் சொல்லாம யாரும் வழி சொல்ல முடியாதுங்க.

தறிக்காரன் (9:23)
ஃபேக்டரி ரீசெட் போடுங்க. நான் வருஷத்துக்கு ஒரு தடவை போட்டுடுவேன். புது போன் மாதிரி ஆயிடும், தேவையான ஆப் மட்டும் ஏத்திக்கலாம்.

நீலமலை (9:30)
மாசத்துக்கு நாலு பேர் இதே கேள்வியோட வர்றீங்க. செட்டிங்ஸை ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா இவ்வளவு எழுதவே வேண்டாம். கூகுள் இலவசமா தர்றது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்து அவ்வளவுதான். நிரம்பினா மெயில் வராது, போகாது. உங்க மெயில் வரலைன்னா கூகுள்தான் நிரம்பியிருக்கு. ரீசெட் போட்டா போன்தான் காலியாகும், கூகுள்ல ஒரு எம்பிகூட குறையாது.

தறிக்காரன் (9:33)
எனக்கு வேலை செஞ்சதைத்தான் சொன்னேன்.

டீச்சர்_மணி (9:41)
ரெண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லலையே. செம்பருத்தி, மணி பார்க்கத்தான் எடுக்கிறேன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அடுக்களையில ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டுங்க, கட்டில் பக்கத்துல அலாரம் கடிகாரம் ஒண்ணு வைங்க. நான் போனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டுத் தூங்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. இது உங்க மனசுல உள்ள குறை இல்லைம்மா. கீழே தள்ளத் தள்ள முடிவே இல்லாம வந்துட்டே இருக்கிற அந்த அமைப்பை 2006-ல வடிவமைச்ச அசா ராஸ்கினே பிற்பாடு அதுக்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கார். பக்கம் முடிஞ்சாத்தானே நிறுத்தத் தோணும்?

செம்பருத்தி77 (9:58)
ஆண்ட்ராய்டு. கூகுள்தான், 15-க்கு 15 காட்டுது. ரீசெட் வேண்டாங்க. அப்பா தவறி மூணு வருஷம் ஆகுது, அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வாட்ஸப்ல இருக்கு.

ஈரோட்டுக்காரன் (10:04)
அக்கா, முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அழிச்ச 2,000 போட்டோ எந்த வருஷத்துது?

செம்பருத்தி77 (10:07)
பழசுதான். 2017, 18, 19. பையன் குழந்தையா இருந்தப்போ எடுத்தது. ஒரே மாதிரி நிறைய இருந்துச்சு.

ஈரோட்டுக்காரன் (10:15)
இனிமே ஒண்ணையும் அழிக்காதீங்க. போட்டோஸ் ஆப்ல டிராஷ் திறங்க, 2,000-மும் அங்கதான் இருக்கும். பேக்கப் ஆன படம் 60 நாள் வரைக்கும் இருக்கும். எல்லாத்தையும் ரீஸ்டோர் கொடுங்க. 2021 ஜூன் 1-க்கு முன்னாடி 'ஹை குவாலிட்டி'யில (கூகுள் சைஸைக் குறைச்சு வைக்கிற முறை) ஏத்தின படங்கள் 15 ஜிபி கணக்குலயே வராது. அதனாலதான் எவ்வளவு அழிச்சும் குறையல.

நீலமலை (10:18)
'ஒரிஜினல்' தரத்துல ஏத்தியிருந்தா கணக்குல வரும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க. அரைகுறையா சொல்றதாலதான் ஆட்கள் கண்டதையும் அழிக்கிறாங்க.

ஈரோட்டுக்காரன் (10:29)
சரிங்க, வரும். எதுவா இருந்தாலும் குழந்தை படத்தை முதல்ல மீட்கட்டும். அக்கா, அப்புறம் 'கூகுள் ஒன்' ஆப்ல ஸ்டோரேஜ் மேனேஜர் திறந்தா பெரிய ஃபைல், பெரிய அட்டாச்மென்ட் உள்ள மெயில் எல்லாம் வரிசையா வரும். அதுல ஆரம்பிங்க. மெயில் டிராஷையும் டிரைவ் டிராஷையும் காலி பண்ணினாத்தான் இடம் கிடைக்கும். முக்கியமானது வாட்ஸப் பேக்கப். முன்னாடி அது கணக்குல வராது, இப்போ ஆண்ட்ராய்டுல வருது. சாட் பேக்கப்ல வீடியோவைச் சேர்க்கிறதை நிறுத்திட்டு, புதுசா ஒரு பேக்கப் எடுங்க.

பாலாற்றங்கரை (10:36)
வேர் எங்கன்னு யாரும் பார்க்கல. சொந்தக்காரங்க குரூப். காலை வணக்கம் படம், கோயில் வீடியோ, பத்து வருஷப் பழைய வதந்தி. வெளியே வந்துடுங்க. 2022-ல இருந்து சத்தமில்லாம வெளியேறலாம், அட்மினுக்கு மட்டும்தான் தெரியும்.

நெல்லைத்தென்றல் (10:44)
அட்மின் எங்க சித்தப்பா. அவருக்குத் தெரிஞ்சா போதாதா, மனஸ்தாபம் வர? போனவங்க பேரு 60 நாள் வரைக்கும் குரூப் விவரத்துல இருக்கும், யார் வேணும்னாலும் பார்க்கலாம். நான் வெளியேறல, ம்யூட் போட்டு ஆர்க்கைவ் பண்ணி வச்சேன். பெரியம்மா தவறினதை குரூப்லதான் போட்டாங்க. உடலை எடுத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. நான் பார்த்தது ஏழு மணிக்கு. என்னைத் தூக்கி வளர்த்தவங்க.

பாலாற்றங்கரை (10:51)
கேட்கவே கஷ்டமா இருக்குங்க. ஆனா சாவு சேதியை ஒரு ஆள் போன் போட்டுச் சொல்லணும். குரூப்ல போட்டுட்டா கடமை முடிஞ்சதுன்னு ஆயிடுச்சு பாருங்க, தப்பு அங்க இருக்கு.

நெல்லைத்தென்றல் (10:57)
அழுதுட்டு இருக்கிற வீட்டுல அறுபது பேருக்கு யார் போன் போடுறது? முன்னாடி ஊர்ல சொல்லி அனுப்ப ஆள் இருந்தாங்க. இப்போ குரூப்தான் அந்த ஆள்.

தறிக்காரன் (11:01)
அறுபது பேர்ல பத்துப் பேர் ஆளுக்கு ஆறு போன் போட்டா முடிஞ்சுது. எங்க பங்காளிகள் இன்னும் அப்படித்தான் செய்யுறோம்.

நீலமலை (11:06)
கேள்வி ஸ்டோரேஜ். குரூப்ல இருந்துகிட்டே ஆட்டோ டவுன்லோடை நிறுத்தலாம். வாட்ஸப் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அங்க மூணு இடத்துலயும் படம், வீடியோ டிக்கை எடுத்துடுங்க. தொட்டாத்தான் இறங்கும். அதே பக்கத்துல மேனேஜ் ஸ்டோரேஜ்ல 5 எம்பிக்கு மேல உள்ளது, பலமுறை ஃபார்வர்டு ஆனது எல்லாம் தனியா காட்டும். அப்பா சாட்டைத் தவிர மத்ததை அங்கிருந்து அழிக்கலாம்.

டீச்சர்_மணி (11:12)
நீலமலை சார், இதை முதல் பதிலிலேயே இப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஈரோட்டுக்காரன் (11:20)
அக்கா, எதை அழிக்கிறதுக்கும் முன்னாடி அப்பா குரலைப் பத்திரப்படுத்துங்க. ஃபைல் மேனேஜர்ல வாட்ஸப் மீடியாவுக்குள்ள 'வாய்ஸ் நோட்ஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ள வருஷம், வாரம்னு பிரிஞ்சு கிடக்கும், எல்லார் குரலும் கலந்துதான் இருக்கும். முழுசா கேபிள் போட்டு லேப்டாப்புல எடுத்து வைங்க. அப்பா சாட்டை மட்டும் தனியா வேணும்னா அதைத் திறந்து மீடியாவோட எக்ஸ்போர்ட் கொடுங்க. மெயில்ல அனுப்பாதீங்க, உங்க மெயில் நிரம்பியிருக்கு. ரெண்டு இடத்துல வைங்க. ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பார்த்துட்டுத்தான் மத்த வேலை.

பாலாற்றங்கரை (11:27)
யூடியூப்ல வாட்ச் ஹிஸ்டரியை அழிச்சு நிறுத்தி வச்சா முகப்புல ஒண்ணுமே வராது. தேடினாத்தான் வீடியோ. ஷார்ட்ஸ்ல விழுறவங்களுக்கு இதைவிட நல்ல வழி நான் பார்க்கல.

டீச்சர்_மணி (மறுநாள் காலை 7:15)
செம்பருத்தி, என்ன ஆச்சும்மா?

செம்பருத்தி77 (இரண்டு நாள் கழித்து, மாலை 6:40)
மன்னிக்கணும், வர முடியல. போட்டோ எல்லாம் திரும்ப வந்துடுச்சு. பேக்கப் மட்டும் 6 ஜிபி, வீடியோவை எடுத்ததும் 1-க்குக் கீழ வந்துடுச்சு. ஸ்கூல் மெயில் அவங்களுக்கே திரும்பிப் போயிருக்கு, மறுபடி அனுப்பச் சொல்லி வாங்கிட்டேன். அப்பாது 214 மெசேஜ். லேப்டாப்ல ஒண்ணு, தம்பிகிட்ட ஒண்ணு. முதல்ல போட்டதுல "பால் வாங்கிட்டு வந்துட்டேன், கேட்டைத் திற"ன்னு சொல்றார். கடிகாரம் இன்னும் வாங்கல. எல்லாருக்கும் நன்றி.

ஈரோட்டுக்காரன் (6:52)
சந்தோஷங்க்கா. அப்பா குரல் ஓபஸ்ங்கிற ஆடியோ ஃபைல், லேப்டாப்ல திறக்கலைன்னா விஎல்சி பிளேயர் போட்டுக்குங்க.

கல்லணை_91 (7:30)
எனக்கும் இதே பிரச்சனை. ஆனா ஐபோன். ஐகிளவுட் ஃபுல்னு வருது. இதே வழியா?

ஈரோட்டுக்காரன் (7:41)
இல்லைங்க, அதுக்கு வேற வழி. தனி இழை போடுங்க. மாடல், எத்தனை ஜிபி, எது நிரம்பியிருக்குன்னு முதல் வரியிலேயே எழுதிடுங்க.